இரவில் துணி வெட்ட மாட்டேன்

12.8.1979, ஞாயிறு, ஈப்போ

நேற்று மாலை தைப்பிங்கிலிருந்து வீட்டுக்காரரின் அக்கா ரவிக்கைத் துணியோடு வந்தார். இன்று மதியம் இங்கே ஒரு கல்யாணத்துக்குப் போட வேண்டுமாம். பிள்ளைகள் சாப்பிட்டதும் நான் படுக்கப் போனேன்.

"எட்டரைக்கே படுக்கையா? பாத்திரம் அப்படியே கிடக்கு. என் துணிய யாரு வெட்டுறது?"

"காலையில தைச்சுத் தாரேன் அண்ணி. ராத்திரி கத்திரிக்கோல தொட மாட்டேன்."

"நல்ல பொம்பள லா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அதுதான் உறுத்தியது.

ஒருமுறை பேச்சுக்குப் பயந்து இரவில் வெட்டி, ஒரு ரவிக்கையின் இரண்டு கையையும் இடக்கையாக வெட்டித் தொலைத்தவள் நான். தோட்டத்தில் பதினோரு வருடம், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போன உடம்பு இது. டவுனுக்கு வந்து ஆறு வருடமாகியும் நான்கு மணிக்குத் தானாக எழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கையும் கண்ணும் சொன்னபடி கேட்கும். இரவில் கேட்காது.

அண்ணி ஏழு மணிக்கு எழுந்து வருவதற்குள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். இட்லி வெந்திருந்தது. ரவிக்கை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. போட்டுப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை.

கிளம்பும்போது, "தீபாவளிக்கு மூணு துணி கொண்டு வாரேன். காலையிலயே வெட்டு" என்றார்.

 இப்போது வீட்டுக்காரர், நான் படுக்கப் போவது தெரிந்து, கேட்காமலே ரேடியோ சத்தத்தைக் குறைத்திருக்கிறார்.

மணி எட்டரை. பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது. கிடக்கட்டும்.