மோவாய் நெஞ்சைத் தொட்டது

29.4.1984

இன்று முழுக்க புளி தட்டினோம். அம்மா ஓட்டை உடைத்துப் போட, நான் நாரை உரித்துக் கொட்டையை எடுத்தேன். நகக்கண்ணெல்லாம் எரிகிறது. அக்கா இருந்திருந்தால் பாதிக் கூடை அவளுடையது. செல்லியம்மாள் அக்காவும் அப்பாவும் வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு மூளைக்காய்ச்சல். இது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்தபோது நான் ஆறாவது படித்தேன். இந்த முறை மத்தியானம் தலைவலி என்று படுத்தாள். பொழுது சாய்வதற்குள் கழுத்து உலக்கை மாதிரி விறைத்துக்கொண்டது. காலில் சிவப்புப் புள்ளிகள். கம்பளியைக் கழியில் கட்டி, அதில் போட்டு ஜமுனாமரத்தூர் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டர் சேட்டு அவள் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினார். தலை மட்டும் வரவில்லை, உடம்பே சேர்ந்து எழுந்தது. “கய்த்து வளைஞ்சி தாவாக்கட்ட நெஞ்சுல தொட்டா பயமில்ல. இது தொடல” என்று சொல்லி ஜீப்புக்கு ஆள் அனுப்பினார்.

அன்றிலிருந்து ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நான் என் தலையைக் குனிந்து பார்க்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்தவள்தானே நானும்?

இதை அம்மாவிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் ஜூனில் செங்கம் ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டாள். ஒன்பதாவது போக வேண்டும். அதனால் சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

மோவாய் நெஞ்சைத் தொட்டது.

30.4.1984

தொட்டது.

2.5.1984

அப்பா வந்தார். அக்கா கண் விழித்து, உட்கார்ந்து, ரொட்டி வேண்டாம் களி வேண்டும் என்று நர்ஸிடம் சண்டை போட்டாளாம். அம்மா அதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளும் அழாதவள், சிரிக்கும்போதுதான் அழுதாள்.

அப்பா ஒரு பெரிய வாய் வைத்த பிளாஸ்க் கொண்டுவந்திருக்கிறார். அதற்குள் ஐஸ். என் ரத்தத்தை எடுத்து அதில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமாம். தாஹிரா என்று ஒரு டாக்டரம்மா கேட்டார்களாம். இந்தக் காய்ச்சல் ஒருவருக்கே இரண்டு தடவை வருவது சரியில்லை, ரத்தத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை, கூடப் பிறந்தவளுக்கும் பார்க்க வேண்டும் என்றார்களாம்.

“ரத்தத்துல இன்னா இல்லாம பூடும்?” என்று அம்மா கேட்டாள். “மூணு வேள களி துன்ற பொண்ணு.”

“அது களியில இல்லியாம். பொறப்புலயே இருக்கணுமாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் புளியைப் பார்த்தேன்.

தொட்டது.

3.5.1984

காலையில் ஜமுனாமரத்தூரில் சேட்டு ரத்தம் எடுத்தார். ஊசியை விட அவர் பேச்சுதான் வலித்தது. “இவ்ளோ பெரிய பொண்ணு, பேரு இன்னா, சின்னக்குழந்தையா? சரியாத்தான் வெச்சிருக்காங்க, கண்ண மூடினு ஒக்காந்திருக்கியே.” ஹாஸ்டலிலும் இந்தப் பேரை வைத்து ஓட்டாதவர்கள் இல்லை.

சின்னக் குப்பியில் என் ரத்தம். அதை ஐஸுக்குள் புதைத்து மூடினார். பஸ் ஸ்டாண்டில் அப்பா பிளாஸ்கைத் திறந்து எனக்கு ஒரு ஐஸ் துண்டு கொடுத்தார். அங்கே நின்ற பிள்ளைகளுக்கும் கொடுத்தார். முதலில் வாயில் சுட்டது! ஐஸ் சுடும் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பல் கூசியது. பிறகு தண்ணீராகிவிட்டது. கடைசிச் சொட்டு வரை நக்கினேன். இன்று நல்ல நாள்.

தொட்டது.

5.5.1984

ஆலங்காயத்திலிருந்து வந்தவர் சொன்னார்: அன்று பஸ் மலையில் நின்றுவிட்டதாம், அப்பா ராத்திரி ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் படுத்து, மறுநாள்தான் வேலூர் போனாராம். பாவம் அப்பா.

12.5.1984

அக்கா வந்துவிட்டாள். மெலிந்துவிட்டாள்; ஆனால் வாய் மெலியவில்லை. வந்ததும் நான் தட்டிய புளியைக் கையில் எடுத்து, “கொட்டயோட வித்தா எட அதிகம் வரும்னு விட்டு வெச்சியா?” என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அம்மா கோழி அடித்தாள்.

எல்லோரும் படுத்த பிறகு அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

“சின்னதுக்கும் அது இல்லியாம்.”

அம்மா சொன்னாள்: “அப்ப ஹாஸ்டல் வேணாம். அத்தினி பொண்ணுங்க ஒரே ரூம்புல மூச்சு வுடற எடம். நம்ம கண் எதிர்ல இருக்கட்டும்.”

இருபத்தொன்றாம் தேதி என்னையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதன் பிறகு முடிவு பண்ணலாம் என்றார் அப்பா.

எனக்கும் இல்லை. எது? எந்த இடத்தில் இல்லை? எல்லோருக்கும் இருப்பது எனக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

தொட்டது. இரண்டு தடவை பார்த்தேன்.

14.5.1984

போன வாரம் புளி தட்டும்போது கத்தி கட்டைவிரலைக் கீறியது. மறுநாள் சிவந்து வீங்கி விண்விண் என்று தெறித்தது. பிறகு வெள்ளையாகச் சீழ் கட்டியது. இன்று பார்த்தால் காய்ந்து பொருக்கு கட்டிவிட்டது. என் உடம்பில் ஒன்றுமே இல்லையென்றால் இதை யார் ஆற்றியது?

அக்காவுக்கும் இப்படித்தான். முள் குத்தினால் எல்லோரையும் போல ஆறிவிடும். சளி பிடித்தால் போய்விடும். அவளை இந்த ஒன்றுதான் தேடி வருகிறது. டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்பேனா? எதிரில் நின்றால் வாயே திறக்காது எனக்கு.

16.5.1984

நேற்றுக் கழுத்து வலித்தது. சாயங்காலத்திலிருந்து. விறகுக்கட்டு சுமந்த வலிதான். விறகுக்கட்டுதானே? குனிந்தேன். தொட்டது. திரும்ப நிமிர்ந்து குனிந்தேன். தொட்டது. இருந்தாலும் படுக்க முடியவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து குனிந்தேன். அக்கா விழித்துக்கொண்டாள்.

“இன்னாடி, மஞ்சத்தண்ணி தெளிச்ச கோயில் ஆடு மாதிரி தலய ஆட்டினு கெடக்கற?”

சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தன் கம்பளிக்குள் என்னை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு தன் கையை என் பிடரியில் வைத்துக் குனியவைத்தாள். “தொட்டுச்சா? தூங்கு.”

இதைக் காலையில் அம்மா தண்ணீருக்குப் போன பிறகு எழுதுகிறேன். கழுத்து வலி இல்லை.

21.5.1984, வேலூர்

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கிறோம். அப்பாவும் அக்காவும் தூங்குகிறார்கள். வராந்தாவில் டியூப் லைட். எவ்வளவு எழுதினாலும் யாரும் எண்ணெய் தீர்ந்தது என்று கேட்க முடியாது.

டாக்டரம்மா வாணியம்பாடிக்காரர். தலையில் முக்காடு, மூக்குக்கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு. நான் பயந்ததுபோல் இல்லை. எங்களை உட்காரவைத்து அப்பாவிடம்தான் முதலில் பேசினார்.

“பெரியவங்களே, நான் சொன்னத முழுசாக் கேட்டுட்டுத்தானே போனீங்க? சின்னப் பொண்ணு ரத்தத்துல ஒண்ணுமே வேல செய்யல, ஆனா ரத்தம் வழியில கெட்டிருக்கலாம், அதனால நேர்ல கூட்டினு வாங்கன்னு சொன்னேன்.”

அப்பா, “இல்லன்னு சொன்னீங்க இல்ல, அதுக்கப்பறம் எனக்குக் காது கேக்கலம்மா” என்றார்.

டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: “ஐஸ் கரையாமதானே இருந்துச்சு?”

“ஐஸு எதுக்கும்மா? அத பசங்களுக்குக் குடுத்துட்டேன். மிச்சத்தக் கொட்டிட்டேன்.”

“கொட்டிட்டீங்களா?”

“பின்ன? புள்ள ரத்தம், அத்தினி குளிருல எப்படி வெக்கறது? பெருசுக்கு மொத வாட்டி பனியிலதான வந்துச்சு. கம்பளித் துணியில சுத்தி இடுப்புல கட்டினு வந்தேன். ராத்திரியெல்லாம் நல்லா வெதுவெதுன்னு இருந்துச்சும்மா.”

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அக்கா வெளிப்படையாகவே சிரித்தாள். “அடக் கடவுளே, அடகாக்கற கோழியா நீ?”

எனக்கு வாயில் அந்த ஐஸ் சுட்டது ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா சொன்னது இது. புரிந்தவரை எழுதுகிறேன். ரத்தம் உறைந்த பிறகு மேலே மஞ்சளாக ஒரு தண்ணீர் தெளிந்து நிற்கும். அதில் சில புரதங்கள் இருக்கின்றன. கிருமியை முன்னே பின்னே பார்த்திருக்க வேண்டியதில்லை, அம்மை குத்துவதுபோல எதுவும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்தே அவை காவல்தான். கிருமி வந்தால் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. சில, கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை அணுக்கள் அந்த அடையாளத்தைப் பிடித்துக் கிருமியை விழுங்கும். சில, வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். சிவந்து வீங்குவது அவர்கள் வரும் வழி. கடைசியில் நிற்பவை ஒன்றாகக் கூடிக் கிருமியின் தோலில் ஓட்டை போடும். ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து கிருமி வெடித்துவிடும். இந்தப் புரதங்களுக்குச் சூடு ஆகாது. உடம்புக்குள் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும்; வெளியே எடுத்து ராத்திரி முழுக்க வெதுவெதுப்பில் கிடந்தால் சத்தமில்லாமல் செத்துவிடும்.

எனக்கு உடனே எங்கள் சாமைக் கொல்லைதான் தெரிந்தது. பன்றி இறங்கினால் கோடியில் உள்ள காவல் பரணில் இருப்பவர் கூவுவார். அடுத்த பரண் அதை வாங்கிக் கூவும். இப்படியே போய், கடைசிப் பரணில் நாயும் ஈட்டியும் வைத்திருப்பவர்கள் இறங்குவார்கள். எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை, இதைச் சொல்லிவிட்டேன்.

“அப்ப என் கொல்லையில கடைசிப் பரண் காலி” என்றாள் அக்கா.

“ஆமாம், கடைசியில நிக்கிறதுல ஒண்ணு உனக்கு இல்ல” என்றார் டாக்டரம்மா. “மத்த பரணெல்லாம் ஆளோடதான் இருக்கு. அதனாலதான் முள் குத்தினா ஆறுது, சளி போவுது. ஆனா மூளைக்காய்ச்சல் கிருமிக்கு அந்த ஓட்டை போட்டே ஆகணும்.”

நான் கேட்காமலேயே என் கட்டைவிரலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் அக்காவுக்கும் சரி, எனக்கும் சரி. என் கடைசிப் பரணில் ஆள் உண்டா?

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை குப்பி ஐஸோடு அறைக்குள்ளேயே போனது. அப்பா அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாளைக்குத் தெரியும்.

தொட்டது. ஆனால் இப்போது கேள்வி கழுத்தில் இல்லை.

22.5.1984

டாக்டரம்மா எங்களை அந்த அறைக்குள்ளேயே விட்டார். உடம்புச் சூட்டளவு வெந்நீர் வைத்த தொட்டியில் கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கழுவிய ஆட்டு ரத்தம், கலங்கிய செம்மண் தண்ணீர் போல. அந்த ஆட்டு அணுக்களைக் கிருமி என்று நினைத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய மஞ்சள் தண்ணீரை அதில் விட்டால், கடைசிப் பரண் வரை ஆள் இருந்தால் அணுக்கள் எல்லாம் வெடித்துக் குழாய் தெளிந்துவிடும். இல்லையென்றால் கலங்கலாகவே இருக்கும்.

அக்காவின் குழாயை எடுத்தார். கலங்கல். அக்கா தோளைக் குலுக்கினாள்.

என்னுடையதை எடுத்தார். நான் பார்க்கவில்லை. அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி அதைக் குழாய்க்குப் பின்னால் பிடித்தார். “நிமிந்து பாரு. படி.”

மாதுளம் சாறு மாதிரி சிவப்பு. அதற்கு அந்தப் பக்கம் எழுத்து தெரிந்தது. சின்னக்குழந்தை என்று இருந்தது.

சத்தமாகப் படித்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பேர் எனக்குப் பிடித்தது.

பிறகு டாக்டரம்மா அக்காவின் கலங்கலில் என் தண்ணீரிலிருந்து கொஞ்சம் விட்டார். காத்திருந்தோம். அதுவும் தெளிந்தது. அக்கா வெகுநேரம் அதையே பார்த்தாள். “அப்ப தெனம் ஒரு சொட்டு குடுத்துடுடி” என்றாள். அப்படிச் செய்ய முடியாது, உடம்புக்குள் போனால் கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பதில் மாதாமாதம் சேட்டுவிடம் பென்சிலின் ஊசி. தலைவலியோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே இறங்க வேண்டும்.

“சின்னவ ஹாஸ்டலுக்குப் போலாமா?” என்று அப்பா கேட்டார்.

“எல்லாப் பிள்ளைங்களையும் போலப் போகட்டும்.”

பஸ்ஸில் அப்பா எங்கள் இருவருக்கும் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அக்கா தன்னுடையதை அவரிடம் நீட்டி, “இடுப்புல கட்டிக்கிறியா?” என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்திலேயே அவள். எனக்கு இருப்பது அவளுக்கு இல்லை. பாதி ஐஸை அவளுக்குக் கொடுத்தேன்.

11.6.1984, செங்கம்

ஹாஸ்டல். என் பெட்டிக்குப் புதுப் பூட்டு. அம்மா பஸ் ஏற்றும்போது, “கய்த்தப் பாத்துக்க” என்றாள். அக்கா சொல்லிவிட்டாள்போல.

தொட்டது.

14.10.1984, செங்கம்

இன்று அப்பாவும் அக்காவும் சீத்தாப்பழம் விற்கச் சந்தைக்கு வந்தார்கள்; நானும் போய்ப் பார்த்தேன். விற்றது போக ஹாஸ்டலுக்கு ஒரு கூடை. அக்கா சதை போட்டிருக்கிறாள்.

போன மாதம் அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிட்டதாம். ஊசி ஒரு தடவை தள்ளிப்போயிருக்கிறது, மழையில் சேட்டு வரவில்லை. எனக்குச் சொல்லி அனுப்பவே இல்லை! மத்தியானம் தலைவலி என்றாளாம். அப்பா களையெடுத்த கையைக் கூடக் கழுவாமல் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாராம்.

“நடக்க முடியுது எறக்கி வுடுன்னு கத்தறேன், கேட்டாத்தான. ஊரே வேடிக்க பாக்குது. பொழுது சாயறதுக்குள்ள ஊசி போட்டாச்சி. கய்த்து வெறைக்கவே இல்ல. சேட்டு கேக்கறாரு, இவ்ளோ நல்லா இருக்கற பொண்ண எதுக்கு மூட்ட மாதிரி தூக்கினு வந்தேன்னு.”

“நல்லா இருக்கும்போதேதான் தூக்கினு போனேன்” என்றார் அப்பா.

“குனி” என்றேன் அக்காவிடம்.

“நடுச் சந்தையிலயா?”

“குனிடி.”

பிடரியில் கை வைத்தேன். வெயிலில் சுடுகிற, வியர்த்த கழுத்து. வெற்றிலைக் கொடி மாதிரி வளைந்தது. அக்காவின் மோவாய் நெஞ்சைத் தொட்டது.

இப்போது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, என்னுடையதை நான் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.