சிலேட்டில் நின்ற பதினொன்று

என் விரல்களை எண்ணிப் பார்த்த பிறகே சோறு போடும் எழிலுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்ந்து படிக்கிறவர்களுக்கு நம் வீட்டுச் சிலேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறு.

நான் வேலை பார்க்கும் பட்டறை வில்லியனூர் பக்கம். இரும்பு கேட், கிரில் செய்கிற இடம், பன்னிரண்டு பேர். டிப்ளமோ படித்தவன் என்று பாதுகாப்புப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை. தினமும் காலையில் ஒன்று கூட்டி எழுதுவேன். பட்டறையில் என் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஏம்பலத்தில் நம் வீட்டுக்கு வந்தால்தான் சுத்தியல் என் விரலைத் தேடிக்கொண்டு வரும். ஒரு ஸ்க்ரூ முடுக்க உட்கார்ந்தாலும் ரத்தம் பார்க்காமல் எழுந்ததில்லை.

கல்யாணமான இரண்டாவது மாதம் நீ சமையல்கட்டுச் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டினாய். அதிலும் அதே தலைப்பு. நாளுக்கு ஒன்று கூட்டுவாய். எனக்கு அடிபட்டால் ஈரத்துணியால் துடைத்துப் பூஜ்யம் போடுவாய். "இன்னா சேஃப்டி சார், இன்னிக்கி எந்த வெரலு?" என்று கேட்டுவிட்டுத்தான் மஞ்சள் எடுக்கப் போவாய். ஆயுத பூஜை அன்றைக்கு என் டூல் பாக்ஸுக்குச் சந்தனம் வைத்த கையோடு பிளாஸ்திரி டப்பாவுக்கும் பொட்டு வைத்தாய். "இதத்தான நீங்க அதிகமா எடுக்கறீங்க" என்றாய்.

ஒருமுறை அடிபட்டதை மறைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? இரும்பறுக்கும் ஹேக்சா பிளேடு ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. கையுறையோடு சாப்பிட உட்கார்ந்தேன். நீ ரசக் கரண்டியைத் தூக்கியபடி நின்றாய்.

"கையொறை போட்டுக்கினு ரசம் சோறு துன்ற ஆள இப்பதான் பாக்கறேன். கழட்டுங்க."

கழற்றினேன். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. "அடிபட்டா பரவால்ல. போர்டுல பொய் மட்டும் இருக்கக் கூடாது" என்றாய். பத்தொன்பது அழிந்தது. அதற்கு மேல் நாம் போனதேயில்லை.

நீ கடைசியாக எழுதியது பதினொன்று. அன்று சாயங்காலம் உனக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் நீ இல்லை. கண்ணாடி, ஹெல்மெட், பூட்ஸ் என்று அவ்வளவு பெரிய பட்டியல் வைத்திருந்தேனே, அதில் காய்ச்சலுக்கு ஒன்றும் இல்லை. எதைப் போட்டு உன்னை மூடியிருக்க வேண்டும், எழிலு?

அப்புறம் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. எனக்கு அடிபட்டால் அந்தப் பதினொன்றை அழிக்க வேண்டும். மளிகை லிஸ்ட்கூட போனிலேயே அனுப்பியவள் நீ; இந்த வீட்டில் உன் கையெழுத்து வேறு எங்கும் கிடையாது. அதனால் நாள் கூட்டி எழுதவில்லை; வீட்டில் சுத்தியலைத் தொடவில்லை. வெங்காயம் நறுக்கக் கையுறை. தேங்காய் துருவக் கண்ணாடி.

அது பட்டறைக்கும் தொற்றிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவர் முனைகளுக்கெல்லாம் கார்க் மாட்டச் சொன்னேன். சுத்தியல் வேண்டுமென்றால் என்னிடம் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு படி ஸ்டூலில் ஒருவர் ஏறினால், பிடிக்க ஒருவர், பார்த்துக்கொள்ள ஒருவர். வெல்டர் பாஸ்கருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏறறவன் ஒருத்தன், கீழ நின்னு பாக்கறவன் ரெண்டு பேரு. இது இன்னாண்ணே பட்டறையா, கரகாட்டமா?"

போன மாதம் அவன் ஒரு கார்க்கைக் கத்தியால் நெம்பப்போய் விரலைக் கிழித்துக்கொண்டான். நீ போனதிலிருந்து பட்டறையில் நடந்த ஒரே விபத்து, என் பாதுகாப்பால் நடந்தது. "கத்திக்கும் ஒரு கார்க் போட்ருக்கணும்ணே நீ" என்றான், விரலை வாயில் வைத்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

இனி சேதி. போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா பனித்திட்டிலிருந்து வந்தார், பை நிறையச் சங்கரா மீனோடு. அவரே மீனை ஆய்ந்து நறுக்க உட்கார்ந்தார். உன் அருவாமனை ஆடியது. பலகையில் இரும்பைப் பிடித்திருந்த ஆணி எப்போதோ கழன்றுவிட்டிருக்கிறது.

"மாப்ள, ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க."

மாமா கேட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உள்ளே போய் பூட்ஸ், கண்ணாடி, ஹெல்மெட், தடித்த கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் மீனை அப்படியே கீழே வைத்தார்.

"ஆணி அடிக்கப் போறீங்களா, நெலாவுக்குப் போறீங்களா? எங்க போட்ல தூண்டிமுள்ளு கையில பூந்தா, புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாப்போம்."

முக்கால் இஞ்ச் ஆணி. அந்தக் கையுறையில் அது நிற்கவேயில்லை. இரண்டாவது அடி நேராக விரலில்.

மாமா சிரித்துவிட்டார். மூக்கில் ஆரம்பித்து, மூச்சு முட்டி, தொடையைத் தட்டிக்கொண்டு. உன் சிரிப்பு, எழிலு. அது அவரிடமிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை முன்னால் அவர் அப்படிச் சிரித்ததில்லை. விரல் வலித்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக ஒன்று நன்றாக வலித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எலும்பா மாப்ள?" என்று பதறினார். இல்லையென்று தலையாட்டி, சிலேட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார். "எம் பாப்பா எழுதுனதா?" என்றார். அப்புறம், கெஞ்சுகிற மாதிரி: "வுட்ருங்க மாப்ள. யாரு பாத்தா? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கும் ஆசைதான். ஆனால் ரசக் கரண்டியோடு நீ நின்றது கண்ணில் வந்தது. "அவ ஒத்துக்க மாட்டா மாமா."

"அதுவும் சரிதான்" என்றார். "மீன் எடையிலகூட என்னை ஒரு பொய் சொல்ல வுட்டதில்ல."

போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தேன். மங்கலாகத்தான் விழுந்தது. பிறகு அவர் சிலேட்டைப் பிடித்துக்கொள்ள, நான் துடைத்தேன். பூஜ்யம் போட்டேன். சாக்பீஸ் ஒட்டிய அந்தத் துணியை மாமா என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆணியை அப்புறம் வெறும் கையால்தான் அடித்தேன். அருவாமனை இப்போது ஆடுவதில்லை.

இன்றைக்கு நாலு எழுதியிருக்கிறேன். என் நாலு கோணலாக இருக்கிறது, நீ பார்த்தால் திட்டுவாய். நாளைக்குக் கார்க்குகளை எல்லாம் கழற்றிவிடுகிறேன், கத்தி இல்லாமல். தினமும் காலையில் எழுதுவேன். அடிபட்டால் மறைக்க மாட்டேன், இது சத்தியம். நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்:

இடது கட்டைவிரல்.

உன் வீட்டுக்காரன்,
குமரன்