கதவு திறந்த பக்கம்

9 பிப்ரவரி 1976, திங்கள்

கூட வேலை பார்க்கும் நர்ஸ் கனகாம்பாள் லீவு. குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி முழுவதையும் நான் ஒருத்தியே போட்டேன். தோள் விண்விண்ணென்று தெறிக்கிறது. இவர் மில்லிலிருந்து நொய் கொண்டுவந்தார். கஞ்சியோடு சரி.

12 பிப்ரவரி

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

ஒரு பிரசவம் பார்த்துவிட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷன் திருப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். பழவேற்காட்டிலிருந்து இறால் கொண்டுவரும் கலியன் சைக்கிளில் போனான். "இன்னா நர்சம்மா, பஸ்ஸு வர்ல?" என்று கேட்டுக்கொண்டே போனான். பதில் சொல்வதற்குள் ஒரு கார் என்னைக் கடந்தது. சத்தம். சைக்கிள் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம், ரோடெல்லாம் இறால். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் இறங்கினான், திரும்பிப் பார்த்தான், ஏறிக்கொண்டு போய்விட்டான்.

கலியன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். லாரி ஒன்றை நிறுத்தி ஏற்றுவதற்குள் —

அவன் பெண்குழந்தையைப் பிரசவத்தில் இந்தக் கையால்தான் எடுத்தேன்.

13 பிப்ரவரி

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். என்ன கலர்? க்ரீம். என்ன வண்டி? பியட். எங்கள் சுகாதார நிலைய டாக்டரிடம் ஒன்று இருப்பதால் அது மட்டும் எனக்குத் தெரியும். ஓட்டினவன் முகம்? இருட்டிவிட்டது, தெரியவில்லை. புது வண்டியா, பழசா?

பளபளவென்று இருந்தது. "புதுசு" என்றேன்.

"நிச்சயமா சொல்றீங்களாம்மா?"

வாசலில் கலியன் பெண்டாட்டி லட்சுமியம்மாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. சுற்றிலும் அவர்கள் குப்பத்து ஜனம். எல்லோர் கண்ணும் என் வாய் மேல். "நிச்சயம்" என்றேன்.

21 பிப்ரவரி

ஆளைப் பிடித்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி மேனேஜரின் டிரைவர், வீரராகவன் என்று பெயர். க்ரீம் பியட், எழுபத்துநாலாம் வருஷத்து வண்டி. அன்றைக்குச் சாயங்காலம் அதே ரோட்டில்தான் போயிருக்கிறான். முன் பம்பர் நெளிந்திருக்கிறது. கம்பெனி கேட்டில் இடித்தது என்கிறானாம்.

லட்சுமியம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பாக்கலன்னா எம்புருசன் நாய் மாரி செத்தான்னு போயிருக்கும் நர்சம்மா."

பெருமையாக இருந்தது. எழுத வெட்கம்தான். ஆனால் இருந்தது.

7 மே

வீரராகவன் ஜாமீனில் வந்திருக்கிறான். சந்தையில் என் எதிரே வந்து நின்றான். நான் பயந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளியே நின்றான்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்ல வர்லம்மா. ஆனா நான் இல்ல. எம் பசங்க மேல சத்தியமா நான் இல்ல."

சாட்சியிடம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். கூடையில் எதையும் வாங்கிப் போடாமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

30 ஜூலை

செய்தவர்கள் எல்லோரும் நான் இல்லை என்றுதானே சொல்வார்கள்?

14 செப்டம்பர், செவ்வாய்

திருவள்ளூரில் சேகர் அண்ணன் வீடு. பிள்ளைக்குக் காது குத்தல். அண்ணன் புதிதாக டெலிவிஷன் வாங்கியிருக்கிறார், தெருவே கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நாடகம் போட்டார்கள். வழக்கமாக நாலு சுவருக்குள்ளேயே நடக்கும், இன்று வெளியே போய்ப் படம் பிடித்திருந்தார்கள். சுதந்திரம் வந்த புதிதில் நடக்கிற கதை. ஜமீன்தார் காரில் வந்து இறங்குகிறார்.

பக்கத்து ஷெட்டு மெக்கானிக் செங்கல்வராயன் கையைத் தட்டிச் சிரித்தார். "கதை நாப்பத்தெட்டு, வண்டி அம்பத்தெட்டு! பத்து வருசம் முன்னாடியே பியட்ட கொண்டாந்துட்டான்யா!"

"நீ பாத்தியா, அறுவதா இருந்தா?" என்றார் அண்ணன்.

"மூஞ்சி அம்பத்தெட்டு மாரிதான் கீது. அறுவதுன்னாலும் சரி, அறுவத்துநாலுக்கு முந்தினது. கதவப் பாரு."

நானும் கதவைப் பார்த்தேன். காருக்குப் பின்னாலிருந்து படம் பிடித்திருந்தார்கள். கீல் பின்னால் இருந்த கதவு பின்பக்கமாகத் திறந்தது. இறங்கின ஆளை அந்தக் கதவே மறைத்துக்கொண்டது. மேலே தலை மட்டும். கதவைச் சாத்தின பிறகுதான் ஆள் முழுசாகத் தெரிந்தார்.



அன்றைக்கும் அப்படித்தான். தலை மட்டும் தெரிந்தது. கதவைச் சாத்தினான். அப்புறம்தான் வெள்ளைச் சட்டை.

"புது பியட்ல இப்படித் திறக்காதா?" என்று கேட்டேன். நாடகச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. இரண்டாம் தரம் கேட்டேன்.

"தொறக்காதும்மா. இப்ப வர்றது எல்லா வண்டி மாரியும் முன்னாடிதான் தொறக்கும். ஏன், வண்டி வாங்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

16 செப்டம்பர்

டாக்டர் வண்டி மரத்தடியில் நின்றது. எழுபத்துமூன்றாம் வருஷத்தது என்றார். பின்னால் போய் நின்றுகொண்டு, கனகாம்பாளை டிரைவர் பக்கம் ஏறி இறங்கச் சொன்னேன். "இன்னாடி சந்திரகலா, பைத்தியமா புட்ச்சுகிச்சு?" என்றாள். ஆனாலும் இறங்கினாள்.

தலையிலிருந்து கால் வரை தெரிந்தாள்.

பாலிஷ் போட்டுத் துடைத்த பழைய வண்டியைப் புதுசு என்று சொல்லிவிட்டேன். அதுவும் நிச்சயம் என்று.

3 அக்டோபர்

முந்தாநாள் இவரிடம் சொன்னேன். "எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டே கலா. இப்ப மாத்தினா டப்பு வாங்கிட்டான்னுதான் பேசுவாங்க. காலமும் கெட்டுக் கெடக்குது. வாய மூடிக்கினு இரு. ஜட்ஜே விட்டாலும் விட்டுடுவார்."

விட்டுவிடுவார். விட்டுவிடுவார். இரண்டு நாளாக இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

28 அக்டோபர்

ரயில்வே ஸ்டேஷன் கேட் அருகே வீரராகவன் மூட்டை தூக்குகிறான். கார் ஓட்டின ஆள். அந்தப் பக்கம் போகாமல் வயலோரமாகச் சுற்றி வந்தேன். சேறு. எவ்வளவு நாளைக்குச் சுற்றுவாய், சந்திரகலா?

21 நவம்பர், ஞாயிறு

நாளைக்குப் பொன்னேரி கோர்ட். பஸ் ஏறி லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போனேன், முதலில் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று. சோறு போட்டாள். குழந்தை ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டது. "நாளைக்கி நீ நல்லா சத்தமா சொல்லு நர்சம்மா, அவன் காதுல உழணும்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். சொல்லவில்லை. அந்தச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

22 நவம்பர்

சர்க்கார் வக்கீலிடம் காலையிலேயே சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை நாளாச்சாம்மா?"

கூண்டில் ஏறிச் சொன்னேன். புது வண்டி என்றது தப்பு. கதவு பின்பக்கமாகத் திறந்தது. எழுபத்துநாலு மாடலில் அப்படித் திறக்காது. "எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட். டெலிவிஷன் நாடகத்தில் பார்த்தேன் என்றேன். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். யார் மிரட்டினார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று சர்க்கார் வக்கீல் மாற்றி மாற்றிக் கேட்டார். யாரும் இல்லை, யாரும் இல்லை என்றேன். வீரராகவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

வெளியே லட்சுமியம்மாள் புளியமரத்தடியில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக இருந்தேன்.

"அவன் இல்லன்னா சரி, உட்டுடட்டும். அன்னிக்கே பழைய வண்டின்னு சொல்லியிருந்தா அந்த வண்டியத் தேடியிருப்பாங்க இல்ல?"

புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நேத்து எங்கூட்ல சோறு துன்னியே. அப்ப உனுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்கம் போய்விட்டாள்.

18 டிசம்பர்

வீரராகவனை விடுதலை செய்துவிட்டார்கள்.

5 ஜனவரி 1977

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன், நானாகவே. பழைய பியட்டைத் தேடுகிறீர்களா என்று கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிவிட்டார். புதியவர் உட்காரச் சொன்னார். "பட்டணத்திலிருந்து நெல்லூர் வரைக்கும் ஓடுற ரோடும்மா இது. ஒரு வருஷம் ஆகப்போகுது. நெளிஞ்சிருந்தாலும் இந்நேரம் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிச்சிருப்பான். எங்கே போய்த் தேட?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் தாங்கவில்லை.

20 பிப்ரவரி

வீரராகவனை அந்தக் கம்பெனி திரும்பச் சேர்க்கவில்லை. வேறு டிரைவரை வைத்துவிட்டார்கள். நெல்லூருக்கு லாரி ஓட்டுகிறானாம். வழியில் பார்த்தேன். லாரியை மெதுவாக்கிக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்கு எதற்கு? பதிலுக்குக் கையைத் தூக்கக்கூட முடியவில்லை.

11 மார்ச்

லட்சுமியம்மாள் புருஷன் விட்ட இடத்தில் இறால் விற்கிறாள். இன்று கையில் முள் குத்திச் சீழ் வைத்து, சுகாதார நிலையத்துக்கு வந்தாள். கனகாம்பாள் சாப்பிடப் போயிருந்தாள். நான் எழுந்தேன்.

"அந்த நர்சம்மா இல்லியா?"

"வந்துடுவா. நான் பாக்கட்டுமா?"

"இருக்கட்டும். குந்திக்கினு இருக்கேன்."

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கை வீங்கி விரல் மடக்க முடியாமல் இருந்தது, ஜன்னலிலிருந்தே தெரிந்தது. கத்தியையும் ஊசியையும் கொதிக்கப் போட்டு, பஞ்சு, கட்டுத் துணி எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்தேன். கனகாம்பாள் வந்ததும் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு உள் அறைக்குப் போனேன்.

கட்டுப் போடும்போது கனகாம்பாள் ஏதோ சொன்னாள். லட்சுமியம்மாள் சிரித்தாள். கலியன் செத்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். அவள் போகிற வரை நான் வெளியே வரவில்லை.