வாசல் கேட்டுக்கு வாங்கிய பச்சைப் பெயிண்ட்

என் பிரியமான அண்ணனுக்கு,

கோபம் அங்கே வந்து சேருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் தலைத்திவசம் முடிந்துவிட்டதால் இந்த வருடம் வீட்டில் தீபாவளி உண்டு. அண்ணி வழக்கம்போல் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். மிஞ்சிய பச்சையை உன் அலமாரியில் நீ சேர்த்து வைத்திருந்த மரக்கட்டைகளுக்கு அடித்துவிட்டார். செலண்டார் தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்தபோது குப்பையிலிருந்து பொறுக்கி வந்தாயே, குழந்தைகள் அடுக்கி விளையாடும் அந்த எழுத்துக் கட்டைகள்தான். ஒன்றுவிடாமல் ஆறு பக்கமும் பச்சை.

"அழுக்கா கெடந்துச்சு. அவரு பேருல பாலர் பள்ளிக்குக் குடுக்கலாம்னு நெனச்சேன்" என்றார்.

தெங்கேராவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதர் மணியம் அண்ணன், அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் உன் பெயர் போட்டு வைப்பதாகச் சொல்லியிருந்தார். வந்து பார்த்தவருக்கு முகமே செத்துவிட்டது. "பழைய சாயம் போச்சு. இனி வேல்யூ இல்ல லா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. புக்கிட் ரம்பாய் பிளாஸ்டிக் ஆலையில் வேலை முடிந்து வந்து போனில் எனக்கு இந்தக் கட்டைகளைப் பற்றி எவ்வளவு பாடம் எடுத்திருக்கிறாய்! மரக்கட்டைதான் முதலில் வந்தது, பொருத்தும் பிளாஸ்டிக் கட்டை பிறகு. அதிலும் பழசு என்றால் அடியில் வெறும் பள்ளம், பிடிப்பே இருக்காது. பிள்ளை விழுங்க முடியாதபடி பெரிதாகச் செய்தது அதற்கும் பின்னால். பல் தடம் இருந்தால்கூடப் பரவாயில்லை, சாயத்தை மட்டும் தொடக்கூடாது என்பாய்.

இதையெல்லாம் அண்ணியிடம் கத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் சொன்னாரு. நான் கேட்டா மட்டும் 'ஒனக்கு ஒன்னும் புரியாது'ன்னுட்டாரு. தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா?"

ஏன் அண்ணா அப்படிச் சொன்னாய்? எனக்குப் புரிந்தது, இத்தனை வருடம் உனக்குச் சோறு போட்டவருக்கா புரியாது? அண்ணிமேல் வந்த கோபம் முழுக்க இப்போது உன்மேல்தான்.

மறுநாள் அண்ணி பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து பச்சையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருக்கும் எழுத்தும் போய்விடும் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்போதுதான் அழுதார். நீ போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

நீ சேர்த்த பிளாஸ்டிக் கட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. மணியம் அண்ணன் கேட்டார், நான் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக அண்ணியின் கையில் வைத்து, நீ சொன்னதையெல்லாம் சொல்லப்போகிறேன். கடைக்கா, பாலர் பள்ளிக்கா என்பதை அவர் சொல்லட்டும். அவரைக் கேட்காமல் இனி ஒரு கட்டையும் வீட்டைவிட்டு வெளியே போகாது. இது என் வாக்கு. பிடிக்கவில்லையென்றால் நீயே வந்து அவரிடம் பேசு.

இப்படிக்கு,
அண்ணியின் நாத்தனார்,
உன் தங்கை