ஜூலையில் கூரைப் பனி

12 ஜனவரி 2009, திங்கள்

காலை ஆறு நாற்பது. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று. அடுப்புக்கு ஏழு கட்டை உள்ளே கொண்டுவந்தேன்.

மர ஆலை மூடிப் பதினைந்து மாதம் ஆகிறது. இன்னும் ஆறு நாற்பதுக்கே விழிப்பு வருகிறது. அந்த நேரத்தில்தான் வாயிலில் தொங்கிய ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையில் எண் தகட்டை மாற்றுவேன். பத்தொன்பது வருடம் மாற்றினேன். இன்று மாற்ற ஒன்றுமில்லை. நாட்காட்டியில் தாள் கிழித்தேன்.

15 ஜனவரி, வியாழன்

ஆலிர் கொமோ வழக்கம்போல் சீட்டாட வந்தார். ஆலையில் என் போர்மேன், இப்போது வியாழக்கிழமை எதிரி. விபத்தில்லாத ஐந்நூறாவது நாளுக்கு நிறுவனம் கொடுத்த பச்சை ஜாக்கெட்டைக் கழற்றாமலே கோழிக்குழம்பு சாப்பிட்டார். மூன்று ஆட்டமும் அவருக்கே.

“பென்சிலு, நீ சீட்டையும் அகர வரிசையில அடுக்கிட்டுதான் ஆடுவ. எப்படிடா ஜெயிப்ப?” பென்சில், ஆலைக் குமாஸ்தாவான எனக்கு அவர்கள் வைத்த பெயர்.

19 ஜனவரி, திங்கள்

ஆலையில் பலகை பிரித்த எத்மே அஷே வந்தாள். கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். வலது கை மேலே எழும்பாது; இடது கையில் கடிதம்.

“படிங்க குமாஸ்தா ஐயா. சத்தமாப் படிங்க. உங்களுக்கு நற்சான்று குடுத்திருக்காங்க.”

வேலையில் அடிபட்டவர்களுக்கு ஈடு கொடுக்கும் மாகாண வாரியத்தின் கடிதம். எங்கள் மொழியான பிரெஞ்சில் கேட்டிருந்தாள், ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. நான் மொழிபெயர்த்துப் படித்தேன். மனு தாமதமாக வந்ததை மன்னிக்கலாம். ஆனால் அடிபட்டது ஆலையில் அல்ல, வீட்டில். கூரையில் பனி தள்ளும்போது. ‘ஆலைக் குமாஸ்தாவின் முதலுதவிப் பதிவேடு ஒழுங்கானது, நம்பத்தக்கது. மனுதாரரின் கூற்று அத்தகையதல்ல.’

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். பதிவேட்டைப் பற்றிய அந்த வாக்கியத்தைப் படித்தபோது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“கூரையாம்! நான் இருக்கறது கீழ்த்தளத்துல. என் தலைக்கு மேல ரெண்டு குடும்பம் குடியிருக்கு. எந்தக் கூரையில நான் பனி தள்ளுனேன்?”

“இதை வாரியத்துக்குச் சொன்னாயா?”

“சொன்னேனே. அக்கா வீட்டுக் கூரையா இருக்கலாமாம்.”

போகும்போது திரும்பி நின்றாள். “ஆபரேஷன் செஞ்சா கை தூக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. அதுக்காகத்தான் மனு போட்டேன். இப்ப எனக்கு வேற ஒண்ணும் வேணும். நான் பொய்க்காரி இல்லன்னு அவங்க கையால எழுதிக் குடுக்கணும்.”

20 ஜனவரி

தூங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

21 பிப்ரவரி 2006. பலகையில் 497. ஈரப் பலகைகளைப் பிரித்து இழுக்கும் சங்கிலியில் ஒரு பலகை சிக்கி, சுழன்று வந்து எத்மேயின் தோளில் அடித்தது. அவளைத் தாங்கிப் பிடித்து என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்நூறுக்கு மூன்று நாள் இருந்தது. ஐந்நூறு என்றால் எல்லோருக்கும் ஜாக்கெட், விருந்து. நிறுவனம் வாரியத்துக்குக் கட்டும் தொகையும் குறையும். யாரும் அவளை மிரட்டவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

ஆலிர் சொன்னார்: “வழக்கமானதப் போடு.”

வழக்கமானது என்றால் கூரைப் பனி. வீட்டில் அடிபட்டதாக எழுதினால் பலகையில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. போட்டேன். அவள் இடது கையால் கையெழுத்திட்டாள், எழுத்து சரிந்து விழுந்தது. ‘கோட்டுக்குள்ளே போடும்மா’ என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. வேறு எதுவும் சொல்லவில்லை.

போன வருடம் அந்தப் பக்கத்தை வாரியம் என்னிடம் கேட்டது. தபால் நிலையத்தில் நகல் எடுத்து, தனிக் கடிதம் வைத்து அனுப்பியவனும் நான்தான். கேட்டதைக் கொடுத்தேன். கேட்காததை எழுதவில்லை. இதற்குப் பெயர் ஒழுங்கா?

2 பிப்ரவரி, திங்கள்

அடித்தளத்தில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் இருந்த நான்கு பதிவேட்டுப் பெட்டிகளையும் மேலே ஏற்றினேன். ஆலை மூடும்போது பதிவேடுகளைக் கொதிகலனில் போடச் சொன்னார் மேலாளர். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வேலை செய்த காலம் முழுவதிலும் நான் மீறிய ஒரே உத்தரவு. இது திருட்டா? தெரியவில்லை.

9 பிப்ரவரி

பக்கம் பக்கமாகப் பார்த்து முடித்தேன். கூரைப் பனி என்று எழுதியவை நாற்பத்தொன்று. எல்லாம் என் கையெழுத்து. அழகான கையெழுத்து. குருமார் பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கினேன்.

நாற்பது, நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே.

ஒன்று மட்டும் 11 ஜூலை 2005. ‘வீட்டில். கூரையில் பனி தள்ளும்போது விழுந்து கணுக்கால் முறிவு.’

ஜூலை! எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஜூலைதான். கீழே மேலாளரின் கையெழுத்து, நாள் 272 என்ற முத்திரை. வழக்கமானதைப் போடச் சொன்னார்கள், நான் முந்தின பதிவைப் பார்த்து எழுதியிருக்கிறேன். வெளியே முப்பது டிகிரி வெயில் அடித்திருக்கும். எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. படிக்க வேண்டியவர் யாரும் படிக்கவில்லை.

கணுக்கால் ஆலிருடையது.

10 பிப்ரவரி

வாரியத்தோடு வழக்காடும் தொழிலாளிகளுக்கு உதவ அரசே ஒரு பெண்ணை வைத்திருக்கிறது. பெயர் மரீஸ். தொலைபேசியை மூன்று முறை எடுத்து வைத்துவிட்டு, நான்காவது முறை பேசினேன்.

“எத்மேயோட மேல்முறையீட்டு விசாரணை மார்ச் இருபத்தாறு. வந்து சாட்சி சொல்வீங்களா?”

“எழுதித் தந்தால் போதாதா?”

“நீங்க எழுதினதுதான் சார் இப்ப பிரச்சினையே.” உடனே, “மன்னிச்சுக்கங்க,” என்றாள். மன்னிக்க என்ன இருக்கிறது? சரியாகத்தான் சொன்னாள். பொய்ப் பதிவு எழுதியதாக என்மேலும் வழக்கு வரலாம் என்றும் சொன்னாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

12 பிப்ரவரி, வியாழன்

ஆலிரிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடிந்திருந்தால் மறைத்திருப்பேன். மேசை மேல் பதிவேடு கிடந்தது.

“வழக்கமானதப் போடுன்னு சொன்னது நான். போட்டது நீ. மாட்டறது யாரு, யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

“ஊரே இந்த ஜாக்கெட்டப் போட்டிருக்கு. ஆலை போச்சு, வேலை போச்சு. எங்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த ஐந்நூறுதான்டா. அதையும் பொய்னு சொல்லப் போறியா?”

 எனக்கு எப்போதும் ஆள் போன பிறகுதான் பதில் வரும்.

“உங்க கால் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போது வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். வண்டி போன பின் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: “ஆமா. பொய். பொய்தான். நானே எழுதின பொய்.”

கதவிடம் சொல்லி என்ன பயன்? மரீஸை அழைத்து, வருகிறேன் என்றேன்.

22 பிப்ரவரி, ஞாயிறு

தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம், முன்வரிசையில் இருந்த இரண்டு பச்சை ஜாக்கெட்டுகள் எனக்குக் கை கொடுக்கவில்லை. கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

5 மார்ச், வியாழன்

ஆலிர் வரவில்லை. தனியாக ஆடினேன். தோற்றேன்.

25 மார்ச்

 நாளைக்குச் சொல்ல வேண்டியதை நான்கு குறிப்புகளாக எழுதி வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? வெப்பமானி வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

26 மார்ச், வியாழன்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

பச்சை ஜாக்கெட்டைத்தான் முதலில் போட்டேன், குளிருக்கு வேறு நல்ல கோட்டு இல்லை. வாசலில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கம்பளிச் சட்டையோடு எத்மேயின் வண்டியில் ஏறினேன். நகரம் வரைக்கும் நடுங்கினேன்.

மன்றத்தில் மூன்று பேர், நடுவில் தலைவி. வாரியத்தின் பக்கம் ஜலதோஷம் பிடித்த ஒரு மனிதர். கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“அன்னைக்குப் பொய் எழுதினேன்னு சொல்றீங்க. இன்னைக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?”

இதற்கான பதில்தான் என் இரண்டாவது குறிப்பு. தாளைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பதிவேட்டைத் திறந்து, ஆலிரின் பெயர் மேல் காகிதத் துண்டை வைத்து மறைத்து, படித்தேன்.

தலைவி நிமிர்ந்தாள். “எந்த மாசம்னு சொன்னீங்க?”

“ஜூலை, அம்மா.”

“ஜூலையில பனியா?”

“எங்க ஊர்லயும் ஜூலையில பனி கிடையாது அம்மா. வழக்கமானதப் போடச் சொன்னாங்க, போட்டேன். கீழே மேலாளர் கையெழுத்து இருக்கு. யாரும் படிக்கல. நம்பத்தக்க பதிவேடுன்னு வாரியம் எழுதினது இதைத்தான்.”

கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேனா? எத்மே ஆமாம் என்கிறாள்.

பெயர் யாருடையது என்று தலைவி கேட்டாள். “அந்தக் காலோட சொந்தக்காரர் வந்து சொல்லட்டும்” என்றேன். ஜலதோஷக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதுமாதிரி இன்னும் இருக்கா?” என்றார்.

“நாற்பத்தொன்று. தேதிவாரியா அட்டவணை போட்டிருக்கேன். பெயர் எழுதல. நகல் மூணு இருக்கு, யாருக்கு வேணும்?”

மூவரும் கை நீட்டினார்கள்.

திரும்பும்போதும் எத்மேதான் ஓட்டினாள். ஊர் எல்லையில், “பென்சில்ல கூர் இருக்கு அண்ணே. சீவ லேட்டாயிருச்சு, அவ்வளவுதான்,” என்றாள். இடது கையால் வண்டியை வளைத்துக்கொண்டே சிரித்தாள்.

2 ஏப்ரல், வியாழன்

ஆலிர் வரவில்லை. பெயரை மறைத்தது வீண். அந்த ஜூலையிலிருந்து நொண்டுகிறவர் யார் என்று ஊருக்குத் தெரியாதா?

16 ஏப்ரல், வியாழன்

ஆலிர் வரவில்லை. ஜாக்கெட்டை விறகு மூட்டைக்குப் போர்த்தினேன்.

30 ஏப்ரல்

எத்மே கடிதத்தோடு வந்தாள். இந்த முறை பிரெஞ்சில். கதவைத் தட்டினாள்.

‘விபத்து பணியிடத்தில் நடந்தது. மனுதாரரின் கூற்று நம்பத்தக்கது.’ அறுவை சிகிச்சைக்கும் ஒப்புதல். மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. இரண்டு பக்கமும் தேடினேன். என்னைப் பற்றி ஒரு வரி: பதிவேட்டை இனி ஆதாரமாகக் கொள்ள இயலாது. என்மேல் நடவடிக்கை உண்டா என்று எழுதவில்லை. வந்தால் வரட்டும்.

“அந்த ‘நம்பத்தக்கது’ங்கிற இடத்த மறுபடி படிங்க.”

மூன்று முறை படித்தேன். பிறகு அவளே வாங்கிப் படித்தாள்.

14 மே, வியாழன்

பனி முழுக்க உருகிவிட்டது. காலை ஒன்பதுக்கு வாசலில் வண்டிச் சத்தம். ஆலிர். சாதாரணச் சட்டை.

“எங்க என் பக்கம்? காட்டு.”

மேசையில் வைத்துத் திறந்தேன். கால் முறிந்த அன்று அவரிடம் கையெழுத்துக்கூட வாங்கவில்லை; அந்தப் பதிவை அவர் இதுவரை படித்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“ஜூலையிலயாடா போட்ட? கூரைப் பனியா?”

“நீங்கதானே வழக்கமானதப் போடச் சொன்னீங்க.”

சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கால்சராயைச் சுருட்டிக் கணுக்காலைக் காட்டினார். வீங்கி, நிறம் மாறியிருந்தது. நாலு வருடமாக அவரோடு சீட்டாடுகிறேன், இதைப் பார்த்ததில்லை.

“எழுது.”

“எதை?”

“நடந்தத. உருளை மேடையில இருந்து விழுந்தேன். ரெண்டு மணி இருக்கும்.”

“ரெண்டேகால்னு பதிவேட்டில் இருக்கு.”

“நேரத்த மட்டும் சரியாப் போட்டுட்டான் பாரு!” என்றார். “சரி, ரெண்டேகால். உங்கிட்ட யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

பென்சிலைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் கையெழுத்திட்டார், கோட்டுக்கு வெளியே. அப்படியே விட்டேன்.

எழுந்துபோய் வாசலில் நின்று வண்டியைப் பார்த்துக் கையசைத்தார். வண்டிக்குள் இன்னும் நான்கு பேர், என் கூரைப் பனிப் பட்டியலில் இருந்தவர்கள். வீட்டில் இரண்டே நாற்காலி. பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.