கிணற்றில் போட்ட பெயர்

உ

வென்ட்வேர்த்வில்,
20.02.2025

அன்பு மகள் தாட்சாயினிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் வெயிலில் வதங்கினாலும் நடமாட்டத்துடன் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகன் சுகிர்தனும் உன் வயிற்றில் இருக்கும் செல்வமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியைப் பார்த்து அப்பாவுக்கு என்ன நடந்தது என்று திகைத்திருப்பாய். முப்பது வருடமாக அம்மாவை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கார் நிறுத்தும் இடத்திலேயே பேப்பர் வாசித்துவிட்டுத் திரும்பிய மனிதன் நான். ரயில் சிக்னலில் வேலை செய்தவனுக்குக் கண்ணால் கண்டால்தான் பச்சையும் சிவப்பும் என்று உனக்குப் பெரிய நியாயமெல்லாம் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இன்று சுழி போடுகிறேன் என்றால் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்.

முதலில் வீட்டுப் புதினம். இங்கே கோடை இன்னும் முடியவில்லை, இந்த மாதத்தில் மட்டும் மூன்று நாள் நாற்பது பாகையைத் தொட்டுவிட்டது, பின்வளவு முருங்கை கருகிப்போய் நிற்கிறது. தம்பி துஷாந்த் ஞாயிறுதோறும் ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்து வருகிறான், சாப்பிடுகிறான், போனைப் பார்க்கிறான், கலியாணப் பேச்சை எடுத்தால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிடுகிறான். முன்வீட்டுக் கல்யாணி உனக்கு எத்தனையாம் திகதி என்று நாளுக்கு இரண்டு தரம் கேட்கிறாள், மார்ச் இருபத்தெட்டு என்று நானும் நாளுக்கு இரண்டு தரம் சொல்கிறேன். அம்மா உனக்குப் பத்தியக் கறிக்கென்று சரக்குத்தூள் இடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறாள். ஆனால் இந்த வெக்கையிலும் அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதில்லை. வலது கை குளிர்கிறதாம். இங்குள்ள டொக்டர் இரத்தமெல்லாம் சோதித்துவிட்டு வயசுதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீயும் டொக்டர், கேள்விக்கு மேல் கேள்வி கேட்பாய் என்று உனக்குச் சொல்லவேண்டாம் என்றாள். நான் சொல்லிவிட்டேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். போனில் பேசினால் அம்மா குசினிக்குள் நின்றபடியே காதைக் கொடுப்பாள், நீயும் பாதியில் மறித்து அப்பா ப்ளீஸ் என்பாய். கடிதத்தை யாரும் மறிக்க முடியாது, பொறுமையாகக் கதிரையில் இருந்து வாசி.

போன ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் உங்களிடம் வந்திருந்தோம் அல்லவா. மான்செஸ்டரில் இறங்கிக் காரில் போகவேண்டிய, வாய்க்குள் நுழையாத பெயருள்ள அந்த லான்கெத்ரின் கிராமம், இருபத்தைந்து வீடு, பூட்டிய தேவாலயம், முதுகுக்குப் பின்னால் மலைமலையாய்க் குவிந்து கிடக்கும் சிலேட்டுக் கல், நாள் முழுக்கத் தூறல். வந்த இரண்டாம் நாள் இரவு நீ திரும்பவும் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாய் என்று சொன்னாய். முந்திய வருடம் கலைந்துபோன கதை நம் எல்லோர் மனதிலும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிபோல நான் தனியாக நடக்கப் போனேன். உன் பின்வீட்டு எலுனெட் இருக்கிறாரே, அந்த எண்பது வயது மனுசியின் புல்வெளியில் ஒரு பழைய கிணறு. ஏழு படி இறங்கினால் தண்ணீர். செம்மறிகள் எல்லாம் தூரத்து மதிலோடு ஒட்டி நின்றன, ஒன்றுகூடக் கிணற்றுப் பக்கம் மேயவில்லை. தூறிக்கொண்டுதான் இருந்தது, என் கண்ணாடியில் துளி துளியாய் விழுந்தது, ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு வளையம்கூட எழும்பவில்லை. மேலே கூரை ஏதும் இருக்கிறதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். வானம்தான் இருந்தது.

அப்போதே திரும்பி வந்திருக்கவேண்டும். தண்ணீருக்கடியில் சிறிய சிலேட்டுத் துண்டுகள் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் கீறியிருந்தது. படியோரம் வெறும் துண்டுகள் அடுக்கி, ஒரு ஆணியும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் என்ன நினைப்பேன் சொல். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் ஐயரிடம் உன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வதை முப்பது வருடமாகக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தவன். இவர்களும் நம்மைப்போலத்தான், புனிதத் தீர்த்தத்தில் பிள்ளைகளின் பெயரைப் போட்டு வேண்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அரிவரி வகுப்புக்குப் பிறகு சிலேட்டில் எழுதியதே அன்றைக்குத்தான். தாட்சாயினி, சதய நட்சத்திரம் என்று தமிழில் கீறி, இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் விட்டேன். நிமிர்ந்தால் எலுனெட் மேலே நிற்கிறார். யாருடைய பெயர் என்று கேட்டார். என் மகளுடையது என்றேன். உறுதியாகத்தானா என்று கேட்டார், ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார். முழு மனதோடு என்று சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டுக்குள் போய்ப் பட்டப்பகலில் யன்னல் திரையை இழுத்து மூடினார். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுசி, என் பிரார்த்தனையைக் குழப்பாமல் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். விசரன்.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு நீ அனுப்பிய பார்சலில் உங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து எழுதிய கிராம வரலாற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். கல்லுடைத்தவர்கள், பாட்டுப் போட்டி, மூடிய பள்ளிக்கூடம் என்று நன்றாகத்தான் போனது. முப்பத்தோராம் பக்கத்தில் அந்தக் கிணறு. அது வேண்டுதல் கிணறு இல்லை, பிள்ளை. வேண்டாதவர்களின் பெயரை எழுதிப் போடுகிற கிணறு. போட்ட கல் ஒரு வருடம் வேலை செய்யுமாம், பிறகு வெறும் கல்லாம். பெயருக்குரியவருக்கு முதலில் ஒரு கையில் குளிர் தொடங்குமாம், அது மேலே ஏறுமாம், எதுவரை ஏறும் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இன்னொன்றும் இருந்தது. கிணற்றில் கிடக்கிற பெயரை அந்த ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்களாம். அன்று இங்கே முப்பத்தொன்பது பாகை, எனக்கு உடம்பெல்லாம் விறைத்துவிட்டது. புத்தகத்தை அம்மா காணாமல் கராஜுக்குள் வைத்துவிட்டு அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன், சாப்பிட்டாயா, கை கால் குளிர்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன் அல்லவா. அப்பாவுக்கு மறதி வருகிறது என்று நீ சுகிர்தனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஆனால் அந்தப் போனில் நீ சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஊர்ச்சனம் டொக்டர் தாட்சா, டொக்டர் தாட்சா என்று வழிநெடுகக் கூப்பிடுகிறதாம். அம்மா நின்ற நாட்களில் அவளைச் சிவா, சிவா என்று கொண்டாடியவர்கள்தான் இப்போது அம்மா சுகமா என்று மட்டும் கேட்கிறார்களாம், நீ சிவனேஸ்வரி என்று அவள் பெயரை எடுத்தால் தபால்காரி முதற்கொண்டு நிலத்தைப் பார்க்கிறார்களாம், நல்ல வேடிக்கை என்றாய். நான் எழுதிப் போட்டது உன் பெயரை. அவர்கள் சொல்லப் பயப்படுவது அம்மாவின் பெயரை. இது எப்படி என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். பதில் போட்டது எலுனெட்தான். இரண்டு தரம் கேட்டேனே ஐயா, நீங்கள் அழுதுகொண்டே ஓம் என்றீர்கள், எவ்வளவு பொல்லாத மகளோ என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த கிழமை நீ அவருடைய காற்புண்ணுக்கு மருந்து கட்டப் போனாயாம், உன்னைப் பார்த்ததும் மனம் கேட்காமல், தன்னோடு சேர்ந்து நூல் பின்னப் போய்வந்த உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். கல்லை வெறுமனே எடுக்க முடியாதாம். ஒரு பெயர் போகவேண்டுமென்றால் இன்னொருவர் தன் கையால் தன் பெயரை எழுதவேண்டுமாம், அப்படி எழுதியவர் அந்தக் கல் முதலில் விழுந்த நாளில் இருந்து ஒரு வருடம் முடியும்வரை ஊர் எல்லைக்குள் காலே வைக்கக்கூடாதாம். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். அதே சிலேட்டு. என்னுடைய எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தது. அதன்மேல், இடப்பக்கம் சரிந்த அந்தக் குண்டு எழுத்தில், சிவனேஸ்வரி, கேட்டை நட்சத்திரம்.

புறப்படுகிற அன்று நான் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எலுனெட்டிடம் சொல்லிவிட்டு வாறன் என்று போன அம்மா, முக்கால் மணித்தியாலம் கழித்து வலது கைச் சட்டை தோள்வரை நனைந்து வந்தாள். கை கழுவினேன் என்றாள், நானும் நம்பினேன். போன கிழமை படத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். மாவைப் பிசைந்துகொண்டே பார்த்தாள். ஓமப்பா, நான்தான், இப்ப என்ன அதுக்கு என்றாள். பெத்த பிள்ளையின்ர பேரைக் கிணத்துக்குள்ள போட்டுட்டு வந்து ஒண்டும் தெரியாத மாதிரித் தேத்தண்ணி கேட்டனீங்கள், நான் என்ன செய்யிறது, அந்தக் கிணத்துக்கு ஒரு பேர்தானே வேணும் என்றாள். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள். முழங்கால் நோ, பிள்ளைப்பேற்றுக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னபோது நீ எப்படி அழுதாய். போனை வைத்துவிட்டு அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை நான் வெளியே நின்று கேட்டேன், காரணம் தெரியாமல். இப்போது குளிர் தோள்வரை வந்துவிட்டதாம். கல்லின் வருடம் முடிந்து செப்டெம்பர் பிறக்க இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

நான் இப்போதும் நம்பவில்லை, பிள்ளை. நம்பாமலேயே பயப்படுகிறேன், அதுதான் பெரிய கொடுமையாக இருக்கிறது. என் பிழைக்கு அவள் ஏன் குளிரில் இருக்கவேண்டும். மார்ச் பதினாறாம் திகதி பின்னேரம் மான்செஸ்டரில் வந்து இறங்குகிறேன், சுகிர்தனை வரச்சொல். வீட்டு வேலைக்கு உதவியாக அப்பாவை வரச்சொன்னேன் என்று அம்மாவிடம் போனில் சொல். மறுநாள் எலுனெட்டிடம் போய் அம்மாவுடைய பெயரைச் சுரண்டிவிட்டு என்னுடையதை எழுதப்போகிறேன். பிறகு நான் ஊர் எல்லைக்கு வெளியே ஏதாவது விடுதியில் இருப்பேன், அம்மா அடுத்த விமானத்தில் வந்து உன் பக்கத்தில் நிற்கலாம். பேரப்பிள்ளையை நான் செப்டெம்பரில் தூக்குகிறேன், ஒன்றும் குறைந்துபோகாது. நீ தயவுசெய்து அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே, எட்டியும் பார்க்காதே. சிலேட்டுப் படிகள் ஈரத்தில் வழுக்கும், கடைக்குப் போனாலும் சுகிர்தனைப் பிடித்துக்கொண்டு நட. இரும்புச்சத்துக் குளிசையை மறவாதே. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி.

கோயில் வாசல் மிதிக்காதவன் வாழ்த்து பலிக்குமோ தெரியாது, ஆனாலும் தாயும் பிள்ளையும் இரண்டு உயிராய்ப் பிரிந்து நூறு வருடம் நன்றாக இருக்க மனதார வாழ்த்துகிறேன். வருகிற புதன்கிழமை சிவராத்திரிக்கு அம்மாவோடு கோயிலுக்கு உள்ளேயே போகப்போகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு, அம்மாவுக்கு மூச்சும் விடாதே.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா,
யோகேஸ்வரன்

தாட்சா, இது அம்மா. சேட்டுப் பொக்கற்றைப் பார்க்காமல் நான் ஒருநாளும் உடுப்புத் தோய்க்கப் போட்டதில்லை, அது இந்த மனுசனுக்கு இன்னும் தெரியாது. முழுக்க வாசிச்சிட்டுத் திருப்பி ஒட்டித் தபாலிலையும் நானே போடுறன். அவர் வரட்டும், பிள்ளையைத் தூக்கட்டும், ஆனால் கிணத்தடிக்கு விடாதை. எலுனெட்டுக்கும் சொல்லிப்போட்டன், புல்வெளிக் கேற்றைப் பூட்டி வைக்கிறன் எண்டவ. அவற்ர பேர் அதில வந்தால் நான் உன்னோட கதைக்கமாட்டன். எனக்கு ஒண்டும் செய்யாது, நீ யோசியாதை. ஒண்டு மட்டும் கேள் ராசாத்தி. பொம்பிளைப் பிள்ளையெண்டால் என்ர பேரை வைச்சிடாதை.