நிற்காத பிள்ளை நிரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

தார்த்து நகரின் மாணவியர் விடுதியிலிருந்து லேலோவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்றைய நிரலெழுதும் போட்டியில் என் கணினி நிரல், பாட்டை ஒலிக்க இன்னொரு நிரலைப் பிள்ளையாகத் தொடங்கியது. நிறுத்தும்போது தாய் நிரல் பிள்ளைக்கு 'நில்' என்று சைகை அனுப்பும். என் கணினியை இயக்கும் லினக்ஸில் பிள்ளை நின்றுவிடும். நடுவரின் கணினியிலுள்ள விண்டோஸுக்கோ அந்தச் சைகையே தெரியாது. தாய் நின்றும் பாட்டு நிற்கவில்லை.

"அடியே லேலோ, அம்மா போனது தெரியாம புள்ள பாடிட்டிருக்குடி!" என்றாள் அறைத்தோழி கிர்கே. நானும் சிரித்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை ரெண்டு கணினியிலயும் பாட்டு நிக்கணும்மா. இல்லேன்னா போட்டியில நீ இல்ல," என்றார் நடுவர்.

திருத்திவிட்டேன். சோதிக்கத்தான் இங்கே விண்டோஸ் இல்லை. வீட்டிலுள்ள பழைய விண்டோஸ் கணினியை உடனே அனுப்புங்கள். உடையாமலிருக்க உங்கள் ஸ்வெட்டரில் சுற்றுங்கள். அதைத் துவைக்க வேண்டாம், அம்மா.

விளக்கணைக்கும் மணி அடித்துவிட்டது.

உங்கள் லேலோ